எரித்தும் அழியாத பூங்கா

பிள்ளைகளுடன் ஒரு நாளைக் களிப்பிற் கழித்தல் வீண்செலவென்று கருதுவோர் நம்மிடையே உளர். டென்மார்க்கின் தலைநகராகிய கொப்பன்ஹேகனிலுள்ள திவோலிப் பூங்காவின் வரலாற்றை அன்னார் அறிதல் நன்று.

1843ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆந் திகதி, ஜியோர்ஜ் கார்ஸ்டென்சன் என்பார் அதனை நகர அரணின் புறத்தே திறந்தார். பாட்டனார் மரநிழலில் அமர்ந்து இசை கேட்கலாம். அன்னையர் மலர்ப்பாத்திகளிடையே உலாவலாம். சிறுவர்க்கோ, 1914இல் மரத்தால் அமைக்கப்பட்ட, மேடேறிப் பள்ளத்திற் பாயும் உருள்வண்டியே சுவர்க்கம். அவ்வண்டித்தொடர் ஒவ்வொன்றிலும் இன்றும் பிறேக் பிடிப்பவர் ஒருவர் உடன் செல்கின்றார். இறக்கத்தின் வேகம் அவர் கையிலுள்ளது. இயந்திரத்தை மட்டும் நம்பிப் பிள்ளையை ஏற்றத் தயங்கும் தாய்க்கு இஃதோர் ஆறுதல். கீழே நின்று கண்ணை மூடிக்கொள்ளும் தந்தையரைப் பற்றி நாம் ஒன்றுஞ் சொல்லோம்!

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜேர்மனியர் அந்நாட்டைக் கைப்பற்றியிருந்தனர். மக்களின் எதிர்ப்புக்குப் பழிவாங்குமுகமாக, 1944 ஜூன் மாதத்தில், அவர்க்குத் துணைபோன டேனியரே பூங்காவிற் குண்டு வைத்தனர். இசைமண்டபம் எரிந்தழிந்தது. குடும்பங்கள் கூடிச் சிரிக்கும் இடமாதலாலேயே அது பகைவர் கண்ணை உறுத்திற்றுப் போலும். எனினும், சில வாரங்களிலேயே பூங்காவின் வாயில் மீண்டுந் திறக்கப்பட்டது. 1956இல் புதிய இசைமண்டபமும் எழுந்தது.