சொம்பும் அடிபம்பும் சொல்லும் பாடம்
(வானொலி உரை)



உங்கள் வீட்டுப் பரணையோ, தோட்டத்து மோட்டார் ரூமையோ ஒருதரம் எட்டிப் பாருங்கள். காசு கொடுத்து வாங்கி, ஒரு போகத்துக்குக்கூட உழைக்காமல் தூசி படிந்து கிடக்கும் சாமான் ஒன்றாவது அங்கே இருக்கும். எங்கள் வீட்டில் அது ஒரு மருந்து தெளிப்பான். வாங்கின நாலாம் மாதம் உள்ளே இருக்கிற வாஷர் தேய்ந்து போயிற்று. கடையில் கேட்டேன். "அது தனியா வராதுங்க, முழு செட்டா வாங்கணும்" என்றார்கள். செட்டின் விலையைக் கேட்டதும் பேசாமல் திரும்பி வந்துவிட்டேன். தெளிப்பான் பரணுக்குப் போயிற்று.

அது மோசமான சாமான் என்று சொல்ல மாட்டேன். மருந்தை நன்றாகத்தான் தெளித்தது. ஆனால் எது முதலில் தேயும், தேய்ந்தால் யார் மாற்றுவார்கள், அந்த உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும் என்று செய்தவர்கள் யோசிக்கவில்லை. இந்த யோசனையையே ஒரு படிப்பாகப் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள். தொழில் வடிவமைப்பு என்று அதற்குப் பெயர். இண்டஸ்ட்ரியல் டிசைன் என்றும் சொல்வார்கள்.

அப்படிப் படித்துப் பட்டம் வாங்கின ஒரு பிள்ளை சுருளிப்பட்டியிலோ காமயகவுண்டன்பட்டியிலோ உங்கள் திராட்சைப் பந்தலுக்குள் வந்து, "அய்யா, உங்களுக்காக ஒரு கருவி வடிவமைச்சிருக்கேன், பார்த்துச் சொல்லுங்க" என்று நின்றால் நாம் எதைப் பார்ப்பது, என்ன கேட்பது? இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறேன்.

சொம்பில் என்ன இருக்கிறது?

வடிவமைப்பு என்றதும் பூ வேலை, பளபளப்பு, வர்ணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. 1958ம் வருஷம் அமெரிக்காவிலிருந்து சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற தம்பதிகள் நம் அரசாங்கத்தின் அழைப்பில் வந்து நாடு முழுவதும் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அவர்கள் மெச்சிப் பேசின பொருள் எது தெரியுமா? நம் வீட்டுச் சொம்புதான்!

யோசித்துப் பாருங்கள். சொம்பு எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும்? இடுப்பில் வைத்தால் வழுக்கக் கூடாது. கழுத்தில் விரல் பிடிக்க வேண்டும். நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் சாயக் கூடாது. ஊற்றும்போது தண்ணீர் ஒழுங்காக விழ வேண்டும். உள்ளே கை விட்டுத் துலக்க முடிய வேண்டும். உடைந்து போனாலும் பித்தளைக்கு விலை கிடைக்க வேண்டும். இத்தனைக்கும் பதில் சொல்லுகிறது அந்த ஒரு சொம்பு. அதைத் தனி ஆள் ஒருவர் உட்கார்ந்து வரையவில்லை. தலைமுறை தலைமுறையாக, புழங்கினவர்களும் செய்தவர்களும் சேர்ந்து திருத்தித் திருத்தி வந்த வடிவம் அது.

அந்த அறிக்கையைத் தொட்டு 1961ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கினார்கள். 1969ல் பம்பாய் ஐ.ஐ.டி.யிலும் இதற்கென்று ஒரு மையம் வந்தது. 2007ல் நம் தமிழ்நாட்டிலேயே காஞ்சிபுரம் பெயரில் வடிவமைப்பும் உற்பத்தியும் சொல்லித்தரும் மத்திய அரசு நிறுவனம் ஏற்பட்டது. ஆகவே நம்ம பக்கத்துப் பிள்ளைகளும் இந்தப் படிப்புக்குப் போகலாம்.

அடிபம்பின் கதை

நல்ல வடிவமைப்பு என்ன செய்யும், கெட்ட வடிவமைப்பு என்ன செய்யும் என்பதற்கு அகமதாபாத் வரை போக வேண்டாம். ஊர் மந்தையில் நிற்கும் அடிபம்பே போதும்.

1960களில் பஞ்சம் வந்தபோது கடும் பாறையையும் துளைக்கும் இயந்திரங்கள் வந்து ஊர் ஊராக ஆழ்குழாய் போட்டன. மேலே வார்ப்பிரும்புப் பம்பு ஒன்றை மாட்டினார்கள். அது வெளிநாட்டில் ஒரு குடும்பம் தன் கொல்லையில் வைத்து அடிக்கிற பம்பின் மாதிரி. இங்கேயோ விடிகாலை முதல் இருட்டும் வரை ஊரே அடித்தது. தாங்குமா? 1970களின் நடுவில் தமிழ்நாட்டிலும் மகாராஷ்டிரத்திலும் கணக்கு எடுத்தபோது, நாலில் மூன்று பம்பு ஓடாமல் கிடந்தது. கீழே தண்ணீர் இருந்தது, போட்ட பணம் மண்ணுக்குள் இருந்தது, பெண்கள் மட்டும் குடத்தைத் தூக்கிக்கொண்டு பழையபடி மைல் கணக்கில் நடந்தார்கள்.

இதற்கு வழி தேடினவர்கள் முதலில் எது உடைகிறது என்று பார்த்தார்கள். பழைய பம்பில் கைப்பிடி பல ஆணிகளில் தொங்கியது. அடிக்க அடிக்க உள்ளே போகும் கம்பி நேராக ஏறாமல் பக்கவாட்டில் இழுபட்டது. ஆணியும் துளையும் தேய்ந்தன. மகாராஷ்டிரத்தில் ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் வேலை செய்தவர்கள் வார்ப்பிரும்பை விட்டு எஃகுக்கு மாறினார்கள். பல ஆணிகளுக்குப் பதில் ஒரே அச்சு வைத்தார்கள். கைப்பிடியின் முனையில் வட்டத்தின் கால் பங்கு போல ஒரு வளைவு, அதன்மேல் ஒரு சங்கிலி. கைப்பிடி எப்படி அசைந்தாலும் சங்கிலி அந்த வளைவில் படிந்து கம்பியை நேராகத்தான் மேலே இழுக்கும். கைப்பிடியைக் கெட்டி இரும்பாகச் செய்ததால், அந்தப் பாரமே உள்ளே தொங்கும் கம்பியின் பாரத்துக்கு ஈடு கொடுத்தது. அடிக்கிற பெண்ணின் தோளுக்குப் பாரம் குறைந்தது.

இதையே அடிப்படையாக வைத்து, யுனிசெப் நிறுவனமும் சென்னையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் என்ற அரசுத் தொழிற்சாலையும் மற்றவர்களும் சேர்ந்து இந்தியா மார்க் 2 என்ற பம்பை உருவாக்கினார்கள். கோயமுத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஆழ்குழாய்களில் மாட்டி, ஊர் மக்களை அடிக்கவிட்டுச் சோதித்தார்கள். 1979ல் அதற்கு இந்தியத் தர அளவு வந்தது. யாரும் காப்புரிமை வாங்கிப் பூட்டி வைக்காததால் யார் வேண்டுமானாலும் அந்த அளவில் செய்யலாம் என்று ஆயிற்று. நம் ஊரில் தேறின பம்பு பிற்பாடு உகாண்டா, கானா வரைக்கும் போயிற்று.

பொருள் பாதி, சேவை பாதி

இங்கே முக்கியமான சங்கதி ஒன்று இருக்கிறது. எத்தனை நல்ல பம்பானாலும் ஒருநாள் பழுதாகும். அன்றைக்கு யாரிடம் சொல்வது? "ஆபீஸ்ல சொல்லியாச்சு" என்று ஒருவரும், "எங்களுக்குத் தகவலே வரல" என்று இன்னொருவரும் சொன்னால் பம்பு பழையபடி சும்மாதான் நிற்கும்.

அதனால் தமிழ்நாட்டில், திருநெல்வேலி மாவட்டத்தில் தொடங்கி, மூன்று படியில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். முதல் படி, ஊரிலேயே பம்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். நட்டு தளர்ந்தால் முடுக்குவார், மசகு போடுவார், பெரிய பழுதென்றால் தபால் அட்டை எழுதிப் போடுவார். இரண்டாம் படி, ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக். மூன்றாம் படி, குழாயையே மேலே தூக்குவதற்கு மாவட்டத்தில் வண்டியோடு ஒரு குழு. இப்படி யார், எப்போது, எதைச் செய்வது என்று முன்கூட்டியே திட்டம் போட்டு வைப்பதற்குத்தான் சேவை வடிவமைப்பு என்று இன்று பெயர் சொல்கிறார்கள். ஒரு தபால் அட்டைகூட வடிவமைப்பில் சேர்ந்தது, பார்த்தீர்களா?

அதிலும் குறை தெரிந்தது. ஆழத்தில் இருக்கும் வாஷர் சின்னச் சாமான். அதை மாற்ற, குழாய் முழுவதையும் கழற்றி மேலே தூக்க வேண்டியிருந்தது. வண்டி வரும்வரை ஊர் காத்திருந்தது. 1983 முதல் சில வருஷங்கள் கோயமுத்தூர் வட்டாரத்தில் மறுபடி சோதனை நடத்தினார்கள். அதில் வந்தது மார்க் 3. உள்ளே போகும் குழாயின் விட்டத்தை ஒன்றேகால் அங்குலத்திலிருந்து இரண்டரை அங்குலமாகப் பெரிதாக்கினார்கள். அவ்வளவுதான்! குழாயைத் தொடாமல், அதற்குள்ளேயே கம்பியோடு பிஸ்டனை உருவி எடுத்து வாஷரை மாற்றலாம். தோல் வாஷருக்குப் பதில் நீடித்து உழைக்கும் ரப்பர் வாஷரும் வந்தது. பெரிய குழாய்க்கு முதலில் செலவு கூடுதல்தான். ஆனால் உள்ளூர் ஆளே வேலையை முடித்துவிடலாம்.

என் தெளிப்பானைச் செய்தவர்கள் இந்தப் பாடத்தைப் படித்திருந்தால் அது பரணுக்குப் போயிருக்காது.

சாமானே இல்லாத வடிவமைப்பும் உண்டு. உழவர் சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். 1999 நவம்பர் 14ம் தேதி மதுரையில் முதல் சந்தை திறந்தார்கள். விவசாயிக்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை, வாடகையில்லாத கடை, தராசு, காலையில் விலை எழுதிப் போடும் பலகை என்று எல்லாமே நாம் முன்பே பார்த்தவைதான். அவற்றைச் சரியான வரிசையில் சேர்த்ததால் இடையில் ஆள் இல்லாமல் காய் விற்க வழி பிறந்தது. அட்டையைச் சரிபார்க்காமல் விட்டால் வியாபாரியே விவசாயி இடத்தில் உட்கார்ந்துவிடுவார். அதனால்தான் சேவையில் ஒரு கண்ணி அறுந்தாலும் மொத்தமும் அறுந்தது போல ஆகிவிடுகிறது.

பிள்ளை வந்தால் என்ன கேட்பது?

இனி நம் பந்தலுக்கு வருவோம். பட்டம் வாங்கிய பிள்ளைகள் தாங்கள் செய்ததைப் படம் போட்டுக் காட்டுவார்கள். படத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். படத்தில் சேறு ஒட்டாது, மருந்துத் தண்ணீர் முகத்தில் சொட்டாது. எனவே மரியாதையாக உட்கார வைத்து, மோர் கொடுத்து, இந்த ஐந்து கேள்வியைக் கேளுங்கள்.

ஒன்று: "தம்பி, எங்க வேலையை எத்தனை நாள் கூட இருந்து பார்த்தீங்க?" ஏலக்காய் பறிக்கக் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப் ஏறி மலைக்குப் போகிற பெண்களுக்குத் தெரியும். காய் செடியின் அடியில், தரையை ஒட்டிக் காய்க்கும். ஒரே சரத்தில் முற்றினதும் இருக்கும், பிஞ்சும் இருக்கும். முற்றினதை மட்டும் குனிந்து பொறுக்க வேண்டும். இதைப் பார்க்காமல் ஒருவர் சரத்தோடு வெட்டும் கருவி செய்தால் பிஞ்செல்லாம் பாழ். ஒரு நாள் கூடவே குனிந்து பறித்துப் பார்த்தவருக்கு, கருவியைவிட இடுப்பில் கட்டும் பையைத்தான் முதலில் திருத்த வேண்டும் என்று தோன்றலாம்.

இரண்டு: "இதைத் தூக்கப் போறது யாரு?" 16 லிட்டர் தெளிப்பான் நிறைந்தால் தண்ணீரின் எடையே 16 கிலோ. திராட்சைப் பந்தலில் அண்ணாந்து தெளிக்க வேண்டும், தெளித்தது நம் மேலேயே சொட்டும். பிள்ளை அதை முழுசாக நிரப்பி, தானே தோளில் மாட்டி, ஒரு வரிசை நடந்து காட்டட்டும். பிறகு உங்கள் வீட்டு அம்மாவின் கையில் கொடுங்கள். கைப்பிடி எட்டுகிறதா, வார் தோளை அறுக்கிறதா என்று அவர்கள் சொல்லும் தீர்ப்புதான் தீர்ப்பு.

மூன்று: "முதல்ல எது பழுதாகும்?" எதுவும் ஆகாது என்று சொன்னால் நம்ப வேண்டாம். "இந்த வாஷர் தேயும், சின்னமனூர்லயே கிடைக்கிற அளவு, ஒரு ஸ்பேனர் போதும்" என்று சொல்கிற பிள்ளை வேலை தெரிந்த பிள்ளை.

நான்கு: "என் காசு எத்தனை நாள்ல திரும்பும்?" கருவியின் விலையோடு ஆள் கூலி, பழுதுச் செலவு எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். சின்னத் தோட்டக்காரருக்கு வாங்குவதைவிட நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுப்பது லாபமாக இருக்கலாம். அந்த வாடகை ஏற்பாட்டையும் யோசித்திருக்கிறாரா என்று கேளுங்கள். யோசித்திருந்தால் சேவை வடிவமைப்பும் படித்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஐந்து: "நாங்க குறை சொன்னா மாத்துவீங்களா?" நல்ல வடிவமைப்பாளர் முதலில் அட்டையிலும் மரத்திலும் மலிவாக ஒரு மாதிரி செய்து கொண்டுவருவார். அதை நீங்கள் உடைத்தால் கோபப்பட மாட்டார், எங்கே உடைந்தது என்று குறித்துக்கொள்வார். இரும்பில் அச்சு போட்ட பிறகு திருத்துவது பெரிய செலவு. அதனால் வாய்க்கு வந்ததைப் பாராட்டி அனுப்பாமல், குறையை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதுதான் அந்தப் பிள்ளைக்குச் செய்யும் பெரிய உதவி.

உங்கள் யோசனை உங்களுடையது

கடைசியாக ஒன்று. யோசனை படித்தவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் என்ற விவசாயி கண்டுபிடித்த தென்னை ஏறும் கருவியை இன்று பல மாநிலங்களில் பயன்படுத்துகிறார்கள். நீங்களும் திராட்சைக் குலை வெட்டவோ, வாழைத்தார் இறக்கவோ பட்டறையில் ஏதாவது செய்து வைத்திருக்கலாம். இப்படிப்பட்டவர்களுக்கு உதவவே 2000ம் வருஷம் நேஷனல் இன்னோவேஷன் பவுண்டேஷன் என்ற அமைப்பை ஏற்படுத்தினார்கள்.

புதிய முறையில் வேலை செய்யும் கருவிக்குக் காப்புரிமை 20 வருஷம். ஒரு பொருளின் வெளித்தோற்ற வடிவத்தை, 2000ம் வருஷத்து வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்தால் 10 வருஷம், புதுப்பித்தால் இன்னும் 5 வருஷம் பாதுகாப்பு. ஆனால் விண்ணப்பம் போடும் முன்பே படத்தை ஊரெல்லாம் அனுப்பிவிட்டால், "இது முன்பே வெளிவந்தது" என்று அந்த உரிமை கைவிட்டுப் போகக்கூடும். ஆகவே வாட்ஸ்ஆப்பில் போடும் முன் விவரம் தெரிந்தவரைக் கேளுங்கள். வடிவமைப்புப் படித்த பிள்ளையிடம் யோசனையைச் சொல்லும்போது, இது யாருடைய யோசனை, பெயர் எப்படி வரும், காசு வந்தால் எப்படிப் பங்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சந்தேகத்தால் சொல்லவில்லை. எழுதி வைத்தால் உறவு கெடாது.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் வழியில் பழம் நசுங்கி, காம்பு கழன்று போனால் அந்தப் பெயருக்கு விலை இல்லை. நல்ல பெட்டி, நல்ல கத்தரி, சரியான நேரத்துக்கு வந்து நிற்கும் வண்டி, இவையெல்லாமும் வடிவமைப்புதான். பிள்ளைகளிடம் படிப்பு இருக்கிறது. நம்மிடம் அனுபவம் இருக்கிறது. சொம்பு எப்படிப் பிறந்ததோ அப்படி, செய்கிறவரும் புழங்குகிறவரும் சேர்ந்து உட்கார்ந்தால், பரணுக்குப் போகாத சாமான் நம் கைக்கு வரும்.