சட்டைப் பொத்தானும் காந்தத் துடிப்பும்

சட்டைக்குப் பொத்தான் போட எவ்வளவு நேரம் ஆகும்? மனச்சிதைவு நோய் உள்ள சிலருக்குச் சில நிமிடங்கள்கூட ஆகும். விரல் பொத்தானைப் பிடிக்கும், அப்படியே நின்றுவிடும். பார்ப்பவர்கள் சோம்பல் என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், எல்லாம் மாத்திரை செய்கிற வேலை என்பார்கள். முதலாவது அபாண்டம். இரண்டாவது பாதி உண்மை.

மீதிப் பாதியைக் காட்டிய ஊர்களில் நம் சென்னையும் ஒன்று. இங்குள்ள ‘ஸ்கார்ஃப்’ மனநல அமைப்பின் மருத்துவர் தாரா, ஸ்காட்லாந்து மருத்துவர் மெக்ரீடி உள்ளிட்டோர் 1996-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனநோய்க்கென்று ஒரு மாத்திரைகூட விழுங்காமலே முதுமை அடைந்த 21 நோயாளிகளை அதில் பரிசோதித்திருந்தார்கள். 38 சதவீதம் பேருக்கு வாயோ கைகாலோ தானாக அசைந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 41 சதவீதம். பார்க்கின்சன் சாயலில் விறைப்பும் மந்தமும் மருந்தே தொடாதவர்களில் 24 சதவீதம், சாப்பிட்டவர்களில் 36. மருந்து கூட்டுகிறது, சரி. ஆனால் கோளாறு நோயிலேயே இருக்கிறது.

அப்படியானால் மூளையில் இந்தக் கோளாறு இருக்கும் இடத்தைத் தொட முடியுமா? 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழு காட்டிய வழி இப்போது உதவுகிறது. ‘8’ போல வளைந்த கம்பிச்சுருளைத் தலைமேல் வைப்பார்கள். மின்சாரம் ஒரு கணம் பாய்ந்து மறையும்போது எழும் காந்தப்புலம், மண்டையோட்டைக் கடந்து உள்ளே சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். ‘கரண்ட் வைப்பது’ என்று நம்மவர்கள் அஞ்சும் சிகிச்சை வேறு. இதற்கு மயக்க மருந்தே வேண்டாம். முதலில் துடிப்பின் வலு எவ்வளவு வேண்டும் என்று பார்ப்பார்கள். ‘டக்’ என்று ஒரு துடிப்பு. மடியில் சும்மா கிடந்த கட்டைவிரல், உடையவர் நினைக்காமலே துள்ளும்.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் செபாஸ்டியன் வால்தர் குழு குறிவைத்தது, அசைவுக்கு முன்னேற்பாடு செய்யும் பகுதியை. உடல் மந்தமானவர்களிடம் அது ஓய்ந்து கிடக்கவில்லை, அளவுக்கு மீறி வேலை செய்தது! எனவே அதை அடக்கிப் பார்த்தார்கள்: நொடிக்கு ஒரு துடிப்பு, மூன்று வாரத்தில் 15 தடவை. மனச்சிதைவு, மனச்சோர்வு நோயாளிகள் கலந்திருந்த அந்தச் சிறிய சோதனை 2020-இல் வெளியானது. போலிச் சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களில் அதிகம் பேருக்கு மந்தம் குறைந்திருந்தது. இந்தச் சிகிச்சையால் அரிதாக வலிப்பு வரலாம். தலைக்குள் உலோகம் பொருத்தியவர்களுக்கு இது ஆகாது.

இதை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. காதில் கேட்கும் குரல்களை அடக்குவது அதுதான். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, பொத்தான் போட எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் சொல்லுங்கள். வீட்டில் உள்ளவர்கள் சொன்னால்தான் அது அவருக்குத் தெரியும்.