உஷார்! ஜாக்கெட்டுக்கு அடிக்கிற சாயம் ரத்தத்தில் கலக்கும்

மழை ஓய்ந்ததும் மும்பை விக்ரோலியில் வருஷாவருஷம் நடப்பதுதான். கண்ணம்வார் நகரிலும் டாகோர் நகரிலும் பார்க்சைட் மேட்டிலும் பெட்டிக்குள் கிடந்த தோல் ஜாக்கெட்டுகள் வெளியே வருகின்றன. நாலு மாத ஈரத்தில் பூஞ்சணம் பூத்து, முழங்கையில் வெளுத்து, காலர் செம்பட்டை அடித்திருக்கும். குளிருக்கு மகாபலேஷ்வருக்கோ மணாலிக்கோ பைக்கில் போகத் துடிக்கும் பையனிடம் புது ஜாக்கெட்டுக்குக் காசில்லை. இருப்பதையே கறுப்பாக்கிவிடலாம் என்று கிளம்புகிறான். கையில் பெயரில்லாத ஒரு சாயப் பொட்டலம், ஒரு பாட்டில் தின்னர், ஒரு பிரஷ். பத்துக்குப் பத்து அறை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாடை என்று சத்தம் போடுவார்களே என்று கதவைச் சாத்திக்கொள்கிறான்.

அவனை உடனே நிறுத்துங்கள். கதவைத் திறந்து, பாட்டிலை மூடி வாசலுக்கு வெளியே வையுங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

முதல் ஆபத்து தீ. கடையில் விற்கும் தின்னரில் பெரும்பாலும் டொலுயீன், அசிடோன் போன்றவை கலந்திருக்கும். பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விட டொலுயீனுக்கு 4 டிகிரி வெப்பம் போதும். அசிடோனுக்குப் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியே போதும். மும்பையில் ஜனவரி இரவில்கூட அதைவிட எவ்வளவோ சூடு. அந்த ஆவி மேலே எழும்பிப் போய்விடும் என்று நினைக்கிறோம். போகாது. டொலுயீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். தரையோடு தரையாக ஊர்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் அறை முழுக்கப் பரவும். நம் வீடுகளில் தரையோரம் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்: சாமி படத்துக்கு முன்னால் விளக்கு, கேஸ் அடுப்பு, தண்ணீர் மோட்டாருக்கான சுவிட்ச், நேரம் பார்த்துத் தானாக ஓடத் தொடங்கும் பிரிட்ஜ். ஒரு பொறி போதும். பையன் பிரஷ் பிடித்த இடத்திலிருந்து ஐந்தடி தள்ளி எரிகிற விளக்கு, அவன் கையிலிருக்கும் ஜாக்கெட்டைப் பற்றவைத்துவிடும். சுவரோடு சுவர் ஒட்டிய சாலில் ஒரு வீடு பற்றினால் அது ஒரு வீட்டோடு நிற்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அடுத்தது ஸ்பிரிட். விக்ரோலிக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 டிசம்பரில் இதே விக்ரோலியில் கள்ளச்சாராயம் குடித்து 80-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2015 ஜூனில் மால்வாணியில் 100-க்கும் மேல். சாராயத்தில் கலந்திருந்தது தொழிற்சாலைக்குப் போக வேண்டிய மெத்தனால். சாயம் கரைக்க என்று கேனிலிருந்து அளந்து ஊற்றித் தரும் மலிவு ஸ்பிரிட்டிலும் மெத்தனால் இருக்கலாம். மெத்தனால் குடித்தால்தான் ஏறும் என்றில்லை. மூச்சு வழியாகவும் போகும், ஈரமான கை வழியாகவும் போகும். இதைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. மிச்சம் இருக்கும் ஸ்பிரிட்டைத் தண்ணி பாட்டிலிலோ கூல்டிரிங்க் பாட்டிலிலோ ஊற்றிப் பரணில் வைத்துவிடுகிறோமே, அதுதான். வெளியே விளையாடிவிட்டு ஓடிவரும் பிள்ளைக்கு அது தண்ணீர் மாதிரிதான் தெரியும். குடிக்கிற பாட்டிலில் எந்த நாளும், ஒரு மணி நேரத்துக்குக்கூட, சாயமோ தின்னரோ ஸ்பிரிட்டோ ஊற்றி வைக்காதீர்கள்.

இனிச் சாயம். இங்கேதான் நம் ஜனங்களுக்கு விஷயமே தெரியாமல் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் டாக்டர்களைத் திகைக்க வைத்த ஒரு நோய் உண்டு. நன்றாக இருந்த ஆள் திடீரென்று தலைசுற்றி விழுவார். உதடு நீலம், நகம் நீலம். மூச்சு வாங்கும். ஊசி போட்டு ரத்தம் எடுத்தால் சிவப்பாக இல்லாமல் சாக்லேட் நிறத்தில் வரும். விசாரித்தால் ஒரே பதில்: பழுப்பு பூட்ஸுக்குக் கறுப்புச் சாயம் அடித்து, முழுக்கக் காய்வதற்குள் போட்டுக்கொண்டு வெளியே போயிருப்பார். பிள்ளைகளுக்கும் நேர்ந்தது, ராணுவச் சிப்பாய்களுக்கும் நேர்ந்தது. 1900-லேயே பிரான்ஸில் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள்; 1919-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழிலும் வந்தது. அந்தச் சாயங்களில் இருந்தவை அனிலீனும் நைட்ரோபென்சீனும். இரண்டும் காயமே இல்லாத தோல் வழியாகவும் உடம்புக்குள் இறங்கும். சூடும் வியர்வையும் சேர்ந்தால் இன்னும் வேகமாக இறங்கும். உள்ளே போய் ரத்தத்தின் ஹீமோகுளோபினை மெத்ஹீமோகுளோபினாக மாற்றிவிடும். பிறகு அது ஆக்சிஜனைச் சுமக்காது. நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தாலும் உடம்புக்குக் காற்று சேராது.

காலுக்குப் போட்ட பூட்ஸே இதைச் செய்தது என்றால், கழுத்திலும் மணிக்கட்டிலும் ஒட்டிக்கொண்டு மேலுடம்பை மூடும் ஜாக்கெட் எவ்வளவு பெரிய பரப்பு! உள்ளே லைனிங் இருக்கிறதே என்று தைரியம் வேண்டாம். மெல்லிய பாலியெஸ்டர் துணி ஈரச் சாயத்தைத் தடுக்காது. இன்று பெயர் போட்டு வரும் புட்டிகளில் என்ன கரைப்பான், என்ன எச்சரிக்கை என்று படித்துப் பார்க்கலாம். பொட்டலத்தில் மடித்தோ பழைய பாட்டிலில் ஊற்றியோ கொடுப்பதில் படிக்க என்ன இருக்கிறது? முகர்ந்து பார்த்தால் பழைய ஷூ பாலிஷ் மாதிரி, வாதுமைக் கொட்டை மாதிரி வாடை வந்தால் அது நைட்ரோபென்சீனாக இருக்கலாம். இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றே போய் முகராதீர்கள். அந்த வாடை தானாக வந்தால் விலகிப் போய்விடுங்கள்.

இன்னொரு ஆபத்து உடனே தெரியாது. அஸோ வகைச் சாயங்களில் சில, உடம்பில் பென்சிடின் போன்ற பொருளாக உடையும். பென்சிடின் மூத்திரப்பையில் புற்றுநோய் உண்டாக்கும் என்பது சந்தேகமில்லாமல் நிரூபணமானது. அதனால்தான் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 1997 மார்ச்சில் 112 அஸோ சாயங்களைத் தடை செய்தது. ஐரோப்பாவுக்குப் போகும் தோல் சாமானில் இப்படிப்பட்ட பொருள் ஒரு கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஏற்றுமதி செய்கிறவர்கள் இதைச் சோதித்துச் சான்றிதழ் வாங்கித்தான் அனுப்புகிறார்கள். உங்கள் பொட்டலத்தில் அது இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல எந்த ஆளாலும் முடியாது. அதற்கு ஆய்வகம் வேண்டும். வெள்ளைக்காரன் தோளுக்கு ஒரு கணக்கு, நம் பிள்ளை தோளுக்கு ஒரு கணக்கா என்று எனக்குக் கோபம் வருகிறது.

தலைக்கு டை அடித்து முகம் வீங்கியவர்கள், நெற்றியில் அரிப்பும் கொப்புளமும் வந்தவர்கள் இரட்டிப்பு எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தலைச்சாயத்தின் கறுப்பு ஒத்துக்கொள்ளாத உடம்புக்கு ஜாக்கெட் சாயமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

டேனரியில் மட்டும் சாயம் போடவில்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தாராவியில் டேனரிகள் ஓடிய காலத்தில் அங்கே தொட்டியில் இறங்கியவர்களில் திருநெல்வேலிப் பக்கத்து ஜனங்கள் ஏராளம். இந்த நகரத்துத் தமிழர் வரலாற்றில் பாதி அந்தத் தோல் வாடையில்தான் இருக்கிறது. டேனரிகள் பெரும்பாலும் ஊரை விட்டுப் போய்விட்டன. இப்போது தாராவிக்குச் சென்னை, கான்பூர், கொல்கத்தாவிலிருந்து முடித்த தோல் வருகிறது. இங்கே வெட்டித் தைக்கிறார்கள். அந்தத் தோலுக்குச் சாயம் ஏறிய விதத்தைக் கேளுங்கள். குரோமில் பதனிட்ட தோலைச் சுழலும் டிரம்முக்குள் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் சாயம் கரைத்து, மணிக்கணக்கில் ஓட்டுவார்கள். சாயம் மேலும் கீழும் ஊறி இழைக்குள் இறங்கும். எண்ணெய் ஊட்டுவார்கள், தோல் மெத்தென்று இருக்க. பிறகு ஃபார்மிக் அமிலம் விட்டுச் சாயத்தை இழையோடு பூட்டுவார்கள். ஒட்டாத சாயத்தை அலசி வெளியேற்றுவார்கள். காயவைத்து மேலே ஃபினிஷ் அடித்து மூடுவார்கள். 1948-ல் தொடங்கிய அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இத்தனை வருஷமாக இந்த வேலையைச் செம்மையாக்கப் பாடுபடுகிறது.

வீட்டில் நடப்பது இதற்கு நேர் எதிர். மேலே ஃபினிஷ் இருப்பதால் சாயம் இறங்காது. இறக்குவதற்காகத் தின்னரில் துணி நனைத்துத் தேய்ப்பார்கள். ஃபினிஷோடு சேர்ந்து தோலுக்குள் ஊட்டிய எண்ணெயும் கரைந்து வெளியே வந்துவிடும். அதன் மேல் சாயத்தைப் பூசுவார்கள். பூட்ட அமிலமில்லை, அலச டிரம் இல்லை. ஒட்டாத சாயம் அத்தனையும் தூளாக மேலேயே நிற்கும். அக்டோபர் வெயிலில், எட்டரை மணி லோக்கலில், வியர்வை பட்டதும் கழுத்துக்கு இறங்கும், சட்டைக்கு இறங்கும், பக்கத்தில் நெருக்கி நிற்பவர் மேலும் இறங்கும். வீட்டுக்கு வந்து அதே ஜாக்கெட்டோடு கைக்குழந்தையைத் தூக்கினால்? குழந்தை எதைப் பிடித்தாலும் வாயில்தான் வைக்கும்.

துணிச் சாயத்தைக் கொதிக்கவைத்து ஜாக்கெட்டை முக்கும் வேலை இன்னும் மோசம். ஆட்டுத் தோல் வெந்நீரில் சுருங்கி, காய்ந்ததும் அப்பளமாக விறைக்கும். கார் ஸ்பிரே பெயின்ட் அடித்தால் ஒரு வாரம் பளபளக்கும்; முழங்கை மடங்கும் இடத்தில் வெடித்து உதிரும். தையல் நூல் பாலியெஸ்டர் என்பதால் சாயம் ஏறாமல் பழைய நிறத்திலேயே பல்லைக் காட்டும். கறுப்பை வெளிர் நிறமாக்குவது எந்தச் சாயத்தாலும் ஆகாது. அதைவிட முக்கியமாக, நீங்கள் தோல் என்று நினைப்பது தோல்தானா என்று பாருங்கள். ஜிப்போரம், பாக்கெட்டின் உள்விளிம்பில் பாருங்கள். அடியில் நெய்த துணி தெரிந்தால் அது ரெக்சின். இந்த ஊர் ஈரத்தில் பொருக்குப் பொருக்காக உரிகிறது என்றாலும் பெரும்பாலும் அதுதான். அதற்கு எந்தச் சாயமும் உயிர் கொடுக்காது. காசும் போய் உடம்பும் கெட வேண்டாம்.

சாயம் வேண்டாம், கண்டிஷனர் ஸ்பிரே மட்டும் அடித்துப் பளபளப்பாக்குகிறேன் என்கிறவர்களும் கேளுங்கள். அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் 1992 டிசம்பரில், தோலுக்கு அடிக்கும் ஏரோசால் கண்டிஷனரை வீட்டுக்குள் உபயோகித்த பலருக்கு இருமல், மூச்சுத்திணறல், நெஞ்சு வலி வந்தது. அங்குள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1993 ஜனவரியில் அதை அறிக்கையாகவே போட்டது. தண்ணீர் ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் ஃபுளோரோகார்பன் துளிகள் நுரையீரலின் அடி வரை போய்விடும். ஸ்பிரே எதுவானாலும் மொட்டைமாடிக்குக் கொண்டுபோங்கள். குளியலறைக்குள் நின்று அடிக்கவே அடிக்காதீர்கள்.

நிறம் மாற்றியே ஆக வேண்டுமென்றால் சயான் வரை டிக்கெட் எடுங்கள். சயான்–பாந்த்ரா லிங்க் ரோடு ஓரம் தோல் வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், கேளுங்கள். தண்ணீரில் கரைத்த பிக்மென்ட் கலரா, ஸ்பிரிட் டையா? டப்பாவைக் காட்டுவீர்களா? காலருக்கு அடியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு முதலில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்து வெள்ளைத் துணியை நனைத்து அங்கே தேயுங்கள். துணியில் நிறம் இறங்கினால் வேலையை நிறுத்தச் சொல்லிவிடுங்கள். முடிந்து வந்த ஜாக்கெட்டையும் வாடை முழுக்கப் போகும்வரை காற்றோட்டத்தில், நிழலில் தொங்கவிட்டுவிட்டு அப்புறம் போடுங்கள். முதல் சில தடவை முழுக்கை சட்டை போட்டு, கழுத்தில் கைக்குட்டை கட்டிக்கொள்வது நல்லது. வேலை செய்கிற தம்பி கையுறையில்லாமல் சாயத்தில் கைவிட்டால் அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவருடைய உடம்பும் இதே உடம்புதான். ஏற்கெனவே வாங்கி வைத்த மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டினால் அது நாலாக் கால்வாய் வழியாக நம் பின்பக்கத்துச் சதுப்புக்காட்டுக்கும் தாணே கழிமுகத்துக்கும்தான் போகும். மூடியோடு கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

யாராவது ஏற்கெனவே அடித்துப் போட்டுக்கொண்டு, தலைவலி, மயக்கம், உதடு நீலம் என்று வந்தால் ஒரு நொடியும் யோசிக்காதீர்கள். ஜாக்கெட்டையும் சாயம் பட்ட துணியையும் கழற்றிவிட்டு, சோப்பும் தண்ணீரும் போட்டு நன்றாகக் கழுவுங்கள். சில மணி நேரம் கழித்தும் இந்த அறிகுறிகள் தலைகாட்டும். அன்று மது அருந்தினால் இன்னும் முற்றும். கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு நிம்மதியாக உட்காராதீர்கள். மெத்ஹீமோகுளோபின் ஏறிய ரத்தத்தில் அது சரியான கணக்குக் காட்டாது. நிலைமை எவ்வளவு மோசமானாலும் 85 பக்கமே நிற்கும். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது ராஜாவாடி, சயான் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். தில்லி எய்ம்ஸின் விஷத் தகவல் மையம் 1800 116 117 எண்ணில் இரவும் பகலும் பதில் சொல்லும். டாக்டரிடம் ஜாக்கெட்டுக்குச் சாயம் அடித்தோம் என்ற வார்த்தையை முதலில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவர் நெஞ்சையும் நுரையீரலையும் தேடிக்கொண்டிருப்பார். மாற்று மருந்து உண்டு, மெத்திலீன் புளூ, நரம்பு வழியாக ஏற்றுவார்கள். குடும்பத்தில் யாருக்காவது ஜி-6-பிடி குறைபாடு இருந்தால் அதையும் உடனே சொல்லுங்கள், அவர்களுக்கு அந்த மருந்தே ஆகாது. சாயப் பாட்டிலையோ பொட்டலத்தையோ பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.