கேள்வி கேட்கும் பிள்ளைக்கு எந்த இடம்?

முக்கூடலில் சாயங்கால நேரம் தெருவுக்குள் நுழைந்தால், வாசல்படியில் சொளகை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றுவதைப் பார்க்கலாம். அளவுத் தகட்டை வைத்து இலையை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கினால் ஒரு பீடி. இப்படி 1,000 சுற்றினால்தான் கூலிக் கணக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளும் சில வீடுகளில் பக்கத்தில் உட்கார்ந்து முனை மடக்கிக் கொடுப்பாள்.

"ஏம்மா, ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு யாரு முடிவு பண்ணுதா?" என்று அவள் கேட்டால் என்ன பதில் வரும்? "பேசாம மடக்குளா!"

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. பேச்சில் கை நின்றால் எண்ணிக்கை குறையும். அதே கேள்வியை ஒப்பந்தக்காரரிடம் கேட்டால், மறுநாள் கழிவென்று ஒதுக்கும் பீடி கூடும். கேள்விக்கு இங்கே விலை உண்டு. ஏழை வீட்டில் அந்த விலை அதிகம். தலித் குடியிருப்பில் இன்னும் அதிகம்.

இன்று கல்வித் துறையிலும் நிறுவனங்களிலும் அதிகம் அடிபடும் சொல் 'படைப்பாற்றல் சிந்தனை'. பழைய விடையை ஒப்பிக்காமல் புதிய வழியைத் தேடுவது, ஒரு சிக்கலைப் பல பக்கத்திலிருந்து பார்ப்பது என்று அதற்கு விளக்கம் சொல்கிறார்கள். 2022ஆம் ஆண்டின் பீசா உலகத் தேர்வில் 15 வயது மாணவர்களின் படைப்பாற்றல் சிந்தனையை முதன்முறையாக அளந்தார்கள். 60க்கு 41 எடுத்துச் சிங்கப்பூர் முதலிடம். பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகள், வசதியான வீட்டுப் பிள்ளைகளைவிடச் சராசரியில் குறைவாகவே எடுத்தார்கள். இந்தியா அந்தத் தேர்வில் கலந்துகொள்ளவில்லை. பிள்ளையின் மூளையில் குறையில்லை. யோசிக்கவும் தப்பாகச் சொல்லிப் பார்க்கவும் எந்தப் பிள்ளைக்கு அனுமதி கிடைத்தது என்பதையும் சேர்த்தே அந்த மதிப்பெண் காட்டுகிறது.

வேலூர் சொன்ன பாடம்

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு சொந்த அனுபவம் உண்டு. அதன் தொடக்கத்திலும் பீடி இருக்கிறது. 1990களில் வேலூர் மாவட்டத்தில் பீடித் தொழிலிலும் வேறு தொழில்களிலும் கொத்தடிமையாகக் கிடந்த குழந்தைகளை மீட்டுச் சிறப்புப் பள்ளிகளில் சேர்த்தார்கள். நாள் முழுக்க ஒரே வேலையைச் செய்து பழகிய பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்துப் பாடம் ஒப்பிக்கச் சொன்னால் பள்ளியில் நிற்கமாட்டார்கள். அங்கே ஆட்சியராக இருந்த எம்.பி. விஜயகுமார் அதனால் மாற்று வழிகளைத் தேடினார்.

பின்னர் அவர் சென்னை மாநகராட்சி ஆணையராக வந்தபோது, 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' தொடங்கியது. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளி உருவாக்கிய அட்டை முறையே அதற்கு முன்மாதிரி. 2007க்குப் பிறகு அது மாநிலம் முழுவதும் 37,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது.

வகுப்பில் என்ன மாறியது? பெஞ்சு போனது. டீச்சரும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். சுவரில் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஏணிப்படியைப் பார்த்துத் தன் அட்டையைத் தானே எடுத்தது. எந்தக் குழுவில் உட்காருவது என்பதை அட்டையில் இருந்த சின்னம் சொன்னது. ஆசிரியர் உதவியோடு படிப்பவர், நண்பர் உதவியோடு படிப்பவர், தானே படிப்பவர் என்று குழு மாறிக்கொண்டே இருக்கும்.

இந்தப் பக்கத்தின் வாசகர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கடைசி பெஞ்சு யாருக்கு, முன் பெஞ்சு யாருக்கு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. ஊர்த் தெருப் பிள்ளையும் குடியிருப்புப் பிள்ளையும் ஒரே சின்னத்தின் கீழ் முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். சாதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் சாதியின் இருக்கை வரிசையைக் கலைத்த முறை அது.

6 முதல் 8ஆம் வகுப்பு வரைக்கு வந்த அடுத்த முறைக்குப் 'படைப்பாற்றல் கல்வி' என்றே பெயர். மாணவரே பாடத்தை வாசித்து, புரிந்ததை மனவரைபடமாக வரைந்து, எழுந்து நின்று வகுப்புக்கு விளக்க வேண்டும். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்கு அது பெரிய காரியம்.

குறைகள் இல்லாமல் இல்லை. கிழிந்த அட்டைக்குப் பதில் அட்டை வராத பள்ளிகள் இருந்தன. ஆசிரியர்களுக்குச் சுமை கூடியது. காலப்போக்கில் முறைகளும் பெயர்களும் மாறின. 2022இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. திட்டம் மாறலாம், வட்டமாக உட்கார்ந்த பழக்கம் போய்விடக் கூடாது.

நாங்குநேரிக்குப் பிறகு

2023 ஆகஸ்டில் நம் மாவட்டத்து நாங்குநேரியில் நன்றாகப் படித்த ஒரு தலித் மாணவனை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. அதன்பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் சாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, மாணவர்களை அகர வரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் சில.

யார் எங்கே உட்காருகிறார் என்பது இத்தனை முக்கியமா என்று கேட்கலாம். முக்கியம்தான். தப்பாகச் சொன்னால் சிரிப்பார்கள் என்று அஞ்சும் பிள்ளை புதிதாக எதையும் சொல்லாது. சரியாகச் சொன்னால் அடிப்பார்கள் என்று அஞ்சும் பிள்ளை வாயையே திறக்காது. அந்த அச்சம் போகாமல், மாதம் ஒரு நாள் 'படைப்பாற்றல் பயிற்சி' நடத்திப் பயனில்லை.

வேலையிடத்தில் யாரைக் கேட்கிறார்கள்?

ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் 1951இலேயே தொழிலாளர்களிடம் யோசனை கேட்கும் முறையைத் தொடங்கியது. இயந்திரத்தோடு மல்லுக்கட்டும் ஆளுக்குத்தான் அதன் குறை தெரியும் என்பதே அதன் அடிப்படை.

நம் ஊரில் நிலைமை தலைகீழ். சாக்கடை எந்த முடுக்கில் அடைக்கும், எந்த மழைக்கு எங்கே பொங்கும் என்று தூய்மைப் பணியாளருக்குத் தெரியும். திட்டக் கூட்டத்தில் அவருக்கு நாற்காலி உண்டா? கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தும் உயிர்கள் போகின்றன. பிறப்பை வைத்துத் தொழிலை ஒதுக்கும் முறை ஒருவரின் திறமையையும் விருப்பத்தையும் மதிப்பதில்லை என்று 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் 1936இலேயே வாதிட்டார்.

அறிவு அந்த மக்களிடம் எப்போதும் இருந்திருக்கிறது. முக்கூடற்பள்ளு பாடும் ஊர் சீவலப்பேரிப் பக்கம். நம் பீடி முக்கூடல் வேறு. அந்த நூலில் நெல் வகையும் மாட்டு வகையும் ஏர்க்கருவியும் வரிசையாக வருகின்றன. ஏட்டில் எழுதியவர் புலவர். அத்தனை நெல்லையும் பிரித்தறிந்து விதைத்தவர்கள் வயலில் நின்ற உழவர்கள்.

செய்ய வேண்டியது

தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் 1,100க்கும் மேல் இருக்கின்றன. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் போன்ற செய்முறைத் திட்டங்கள் எவையானாலும் இந்தப் பள்ளிகளுக்கு முதலில் போய்ச் சேர வேண்டும். வாரம் ஒரு பாடவேளையைப் பிள்ளைகளின் கேள்விக்கென்றே ஒதுக்கலாம். அதற்குச் செலவே இல்லை. பேரூராட்சியும் நகராட்சியும் தூய்மைப் பணியாளரிடம் யோசனை கேட்டு, எது நடந்தது என்று அவருக்கே பதில் சொல்ல வேண்டும். புது யோசனையோடு தொழில் தொடங்க நினைக்கும் நம் இளைஞர்களுக்கு, 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மூலதன மானியம் தருகிறது. மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கேளுங்கள்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒன்று. முனை மடக்கும் மகள் நாளை மறுபடியும் கேட்பாள், ஆயிரத்துக்கு இவ்வளவு என்று யார் முடிவு செய்வது என்று. ஒரு நிமிடம் சொளகைக் கீழே வைத்துவிட்டு, தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "நீ படிச்சிக் கண்டுபிடிச்சி எனக்குச் சொல்லு" என்று சொல்லுங்கள்.