உப்புக்காற்றில் இறுகும் லாரி டிஸ்க் பிரேக்: பேடு மட்டும் மாற்றினால் போதாது

பொன்னேரி:

பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள கோட்டைக்குப்பத்தில் உப்புக்காற்றுக்கு சைக்கிள் செயின்கூட தப்பாது. லாரி பிரேக் மட்டும் தப்புமா? தெற்கே காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்களுக்கு ஓடும் கனரக வண்டிகளுக்கும் இதே காற்றுதான்.

பெரும்பாலான லாரிகளில் இன்னும் டிரம் பிரேக்தான். சொகுசு பஸ்களிலும், சில புது லாரிகளிலும் ஏர் டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. ஏர் பிரேக் நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. 1962-ல் தொடங்கப்பட்ட சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் சென்னை பாடியிலேயே அதை தயாரித்தது.

உள் பேடு மட்டும் தேய்வது ஏன்?

பெடலை மிதித்ததும் காற்று, பிரேக் சேம்பருக்குள் போய் தண்டைத் தள்ளும். உள்பக்க பேடு டிஸ்க்கை அழுத்தும். உடனே கேலிபர் தன் கைடு பின்களில் வழுக்கி வந்து வெளிப்பக்க பேடையும் இழுத்துப் பிடிக்கும்.

பின்னை மூடியிருக்கும் ரப்பர் கிழிந்தால் உப்பு ஈரம் உள்ளே போய் துரு ஏறும். கேலிபர் நகராது. உள் பேடு மட்டும் தேயும், சக்கரம் கொதிக்கும், பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பல இடங்களில் தேய்ந்த பேடை மட்டும் மாற்றி வண்டியை அனுப்பி விடுகிறார்கள். பின் இறுகியே இருப்பதால் புது பேடும் சீக்கிரம் போய்விடும்.

கையால் அசைத்துப் பாருங்கள்

சக்கரத்துக்கு கட்டை வைத்து, காற்று நிரப்பி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து கேலிபரை கையால் அசைக்க வேண்டும். பிரேக் ஆறிய பிறகு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அசைந்தால் சரி. அசையவே இல்லை என்றால் பின் இறுகிவிட்டது. ரொம்ப ஆடினால் அட்ஜஸ்டரை பார்க்க வேண்டும்.

பேடில் தேயும் பகுதி 2 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றியாக வேண்டும், அதுவும் ஒரே அச்சில் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து. பெரிய லாரிகளில் பரவலாக உள்ள 45 மில்லிமீட்டர் டிஸ்க், 37-க்கு தேய்ந்தால் மாற்ற வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடும், கம்பெனி சொன்ன கிரீஸ்தான் போட வேண்டும்.

பேடு கழற்றியிருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக்கூடாது. கேலிபருக்குள் கை இருந்தால் நசுங்கும். அதைவிட ஆபத்து பின் சக்கர ஸ்பிரிங் சேம்பர். பூட்டு போல்ட் போடாமல் அதை கழற்றவே கூடாது. சேம்பரை பிரித்தால் உள்ளே இறுகியிருக்கும் ஸ்பிரிங் சீறி வந்து ஆளையே கொன்றுவிடும்.

ஏர் டேங்க் தண்ணீரை தினமும் திறந்து விடுவது டிரைவர் வேலை. கடலோர ஈரக்காற்றில் அது சீக்கிரமே சேர்ந்துவிடும்.