நடக்கும்போது உடலில் எரிவது எது? சர்க்கரையா, கொழுப்பா?



சுபுஹு தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலிலிருந்து அப்படியே நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் இப்போது நம் ஊர்களில் பெருகியிருக்கிறார்கள். வளைகுடா நாடுகளில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டுத் திரும்பியவர்களில் பலர் சர்க்கரை நோயையும் சேர்த்தே கொண்டு வருகிறார்கள். டாக்டர் நடக்கச் சொல்கிறார், நடக்கிறார்கள். நல்ல செய்திதான்.

ஆனால் சமீபத்தில் நம் பகுதி சகோதரர் ஒருவர் நடந்துகொண்டிருக்கும்போதே கை நடுங்கி, உடல் வியர்த்துக் கொட்டி, ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். வெறும் வயிற்றில் வேகமாக நடந்தால்தான் கொழுப்பு கரையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு எதுவும் சாப்பிடாமல் கிளம்பியிருக்கிறார். உடன் வந்தவர் டீக்கடையில் சர்க்கரை வாங்கிக் கரைத்துக் கொடுத்ததால் தப்பித்தார், அல்ஹம்துலில்லாஹ். நடக்கும்போது உடலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் இது நேர்ந்திருக்காது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பருத்திமாரும் கருவேலங்கட்டையும்

விறகு அடுப்பு எரித்த நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது எளிதில் புரியும். பருத்திமார் சட்டென்று பற்றும், கொழுந்துவிட்டு எரியும், சீக்கிரம் தீர்ந்துவிடும். கருவேலங்கட்டை மெதுவாகப் பற்றும், நல்ல காற்றோட்டம் கேட்கும், ஆனால் நெடுநேரம் நின்று எரியும். நம் உடலில் சர்க்கரை பருத்திமார் மாதிரி, கொழுப்பு கருவேலங்கட்டை மாதிரி.

சர்க்கரையின் இருப்பு குறைவு. சோறு, இட்லி, ரொட்டியிலிருந்து வரும் சர்க்கரையை உடல் கிளைகோஜன் என்ற வடிவில் சேர்த்து வைக்கிறது. தசைகளில் சுமார் 400 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம், அவ்வளவுதான். இரத்தம் முழுவதிலும் ஓடும் சர்க்கரை ஏறத்தாழ 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. கொழுப்போ ஒல்லியான மனிதரிடமும் பல கிலோ இருக்கிறது. ஒரு கிராம் சர்க்கரை 4 கலோரி தரும், ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தசையில் உள்ள இருப்பு அந்தத் தசைக்கு மட்டுமே பயன்படும். அது இரத்தத்துக்குத் திரும்பி வராது. இரத்தத்தில் சர்க்கரை குறையும்போது ஈடு செய்வது முக்கியமாகக் கல்லீரல்தான். மூளைக்கு மட்டுமே ஒரு நாளைக்கு 120 கிராம் அளவுக்குச் சர்க்கரை தேவைப்படுவதால், இரவு முழுக்கச் சாப்பிடாமல் விடியும்போது கல்லீரலின் இருப்பு பெருமளவு குறைந்திருக்கும்.

உடல் எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

பஸ்ஸைப் பிடிக்க ஓடும் முதல் சில நொடிகளுக்குத் தசையில் தயாராக இருக்கும் சக்தியே போதும். அதற்கு மேல் மூச்சு வாங்க ஓடினால் சர்க்கரைதான் முதன்மை எரிபொருள். அதை வேகமாக எரிக்கலாம், அவசரத்துக்கு ஆக்சிஜன் இல்லாமலும் ஓரளவு சக்தி எடுக்கலாம். கொழுப்பு ஆக்சிஜன் இல்லாமல் எரியவே எரியாது. ஆகவே நிதானமாக நடக்கும்போது கொழுப்பின் பங்கு கூடுகிறது, வேகம் ஏற ஏறச் சர்க்கரையின் பங்கு கூடுகிறது. நெடுநேரம் நடந்தால் சர்க்கரை இருப்பு குறைந்து, மறுபடியும் கொழுப்பின் பங்கு உயரும்.

முதல் 20 நிமிடம் சர்க்கரை மட்டுமே எரியும், பிறகுதான் கொழுப்பு எரியும் என்று சொல்வது சரியல்ல. இரண்டும் முதல் நிமிடத்திலிருந்தே சேர்ந்து எரிகின்றன, பங்குதான் மாறுகிறது. எந்த வேகத்தில் நடப்பது என்று கேட்பவர்களுக்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு: பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

சர்க்கரை நோயாளிக்கு எங்கே ஆபத்து?

சுருங்கி விரியும் தசை, இன்சுலின் உதவி இல்லாமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நடைப்பயிற்சி சர்க்கரை நோயாளிக்கு மருந்தாவது இதனால்தான். இந்தப் பலன் ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கும் என்பதால், தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் நடையை விட வேண்டாம் என்கிறார்கள் மருத்துவர்கள்.

ஆரோக்கியமானவர் நடக்கும்போது உடல் இன்சுலினைக் குறைத்துக்கொள்கிறது. உடனே கல்லீரல் தன் இருப்பைத் திறந்துவிடுகிறது, கொழுப்பும் கரைந்து வருகிறது. ஆனால் இன்சுலின் ஊசியோ, இன்சுலினைச் சுரக்க வைக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்தவருக்கு இன்சுலின் குறைய வழியில்லை. தசை ஒருபக்கம் இழுக்கிறது, கல்லீரலின் கதவோ சாத்தியே இருக்கிறது. இரத்தச் சர்க்கரை மளமளவென்று இறங்குகிறது. நம் சகோதரருக்கு நடந்தது இதுதான். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. உங்கள் மாத்திரை எந்த வகை என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்களாகவே மருந்தை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.

நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, குழப்பம் ஆகியவை சர்க்கரை இறங்குவதன் அடையாளங்கள். உடனே நடையை நிறுத்தி மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் குடிக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள். நடக்கப் போகும்போது சட்டைப்பையில் கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். காலில் செருப்போ ஷூவோ கட்டாயம் வேண்டும்.

நோன்பு நாட்களில்

நோன்பு வைக்கும்போது பகல் நேரம் போகப் போகக் கல்லீரலின் இருப்பு கரைந்து, உடல் கொழுப்பின் பக்கம் திரும்புகிறது. ஆரோக்கியமானவர்களுக்கு இதில் சிரமமில்லை. சர்க்கரை நோயாளிகள் அஸருக்குப் பிறகு, நோன்பு திறக்கும் முன் வேகமாக நடப்பதைத் தவிர்க்க வேண்டும். இருப்பு மிகவும் குறைந்திருக்கும் நேரம் அது. இஃப்தாருக்குப் பிறகு நடக்கலாம், தராவீஹ் தொழுகையின் நிலைகளும் உடலுக்கு ஓர் அசைவுதான். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேல் ஏறினாலோ நோன்பை முறித்துவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் அறிவுரை. ஊசி, மாத்திரை எடுப்பவர்கள் ரமளானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத்.

ஒரு காலனி காட்டிய வழி

இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நிதியுதவியுடன் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. இதற்கு ஓர் ஊர் என்ன செய்ய முடியும்? சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 1990-களின் பிற்பகுதியில் ஆசியாட் காலனி மக்களைப் பரிசோதித்தார்கள். அவர்கள் விளக்கிச் சொன்னதைக் கேட்ட குடியிருப்பாளர்கள், தாங்களே பணம் திரட்டி நடைப்பூங்கா ஒன்றை அமைத்தார்கள். உடற்பயிற்சி செய்வோர் 14 சதவீதத்திலிருந்து 59 சதவீதமாக உயர்ந்தார்கள். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது அங்கே சர்க்கரை நோய் 12.4-லிருந்து 15.4 சதவீதமாகத்தான் கூடியிருந்தது. அதே ஆய்வில் இருந்த வசதி குறைந்த இன்னொரு பகுதியில் 6.5-லிருந்து 15.3 சதவீதமாக, இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தது. இந்த வேறுபாட்டுக்குப் பூங்கா மட்டுமே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நடக்க இடம் இருந்தால் மக்கள் நடக்கிறார்கள் என்பது தெளிவு.

நம் ஊர்களில் ஆண்களுக்கு ரோடு இருக்கிறது. நம் வீட்டுப் பெண்களுக்கு எங்கே இடம்? சர்க்கரை அவர்களுக்கும் வருகிறது. அடுப்படி வேலையே போதும் என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். மதரஸா வளாகம், பள்ளி மைதானம், ஜமாஅத்துக்குச் சொந்தமான காலியிடம் என ஏதாவது ஒன்றை, காலையிலோ அஸருக்குப் பிறகோ ஒரு மணி நேரம் பெண்களுக்கென்று ஒதுக்க முடியுமா என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இதற்குப் பெரிய செலவு ஆகாது, ஒரு விளக்கும் ஒரு சாவியும் போதும்.

அதுவரை வீட்டு மாடியிலோ முற்றத்திலோ, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 15 நிமிடம் நடந்தாலும் இரத்தச் சர்க்கரை இறங்கும். இன்றே தொடங்குங்கள், இன்ஷா அல்லாஹ்.