தொழிற்புரட்சிக் காலத்தில் குழந்தைத் தொழிலாளர்: முதலாளிகள் சிறுவர்களை விரும்பியதன் காரணங்கள்

தொழிற்புரட்சிக் காலக் குழந்தைத் தொழில் என்பது, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19ஆம் நூற்றாண்டிலும் பிரித்தானியாவின் நூற்பாலைகள், நிலக்கரிச் சுரங்கங்கள் முதலிய இடங்களில் சிறுவர் சிறுமியர் பெருமளவில் வேலைக்கு அமர்த்தப்பட்டதைக் குறிக்கும். அதற்கு முன்பும் குழந்தைகள் உழைத்தனர். ஆனால் அது பெரும்பாலும் வயலிலும் வீட்டுத் தறியிலும் பெற்றோருடன் சேர்ந்து செய்த வேலை. ஆலைகள் வந்த பின்னர், முதலாளிகள் பெரியவர்களை விடுத்துச் சிறுவர்களையே தேடிச் சென்றனர். 1788இல் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் நீராற்றலால் இயங்கிய 143 பஞ்சாலைகளில், தொழிலாளர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் குழந்தைகள் எனக் கணக்கிடப்பட்டது.

இதற்குக் காரணமாக அடிக்கடி சொல்லப்படுவது, குழந்தைகளின் சிறிய விரல்களும் சிறிய உடலும் அவ்வேலைகளுக்கு ஏற்றவை என்பதாகும். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் குறைந்த கூலி, எளிதில் அடங்கும் இயல்பு, பேரம் பேச இயலாத நிலை ஆகியவையே முதன்மையான காரணங்கள் என்பதைப் பிற்கால நிகழ்வுகள் காட்டின.

இயந்திரங்களும் வேலையின் தன்மையும்

கைராட்டையில் சீராக நூல் நூற்க நீண்ட பழக்கம் வேண்டும். ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1769இல் காப்புரிமை பெற்ற நூற்பு இயந்திரம் பஞ்சை இழுப்பதையும் முறுக்குவதையும் தானே செய்தது. அதை இயக்கும் ஆற்றலை முதலில் நீர்ச்சக்கரமும் பின்னர் நீராவி எந்திரமும் தந்தன. மனிதருக்கு எஞ்சியவை சிறு வேலைகள்: அறுந்த இழைகளை முறுக்கி இணைத்தல், நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றி வெற்றுப் பாபின்களை மாட்டுதல், தரையில் சேரும் கழிவுப் பஞ்சைப் பொறுக்குதல். இவற்றுக்கு உடல் வலிமையோ பல ஆண்டுப் பயிற்சியோ தேவைப்படவில்லை. பெரியவர் ஒருவருக்கு முழுக் கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலையாக முதலாளிகள் இவற்றைக் கருதவில்லை.

குறைந்த கூலி

குழந்தைகளுக்குப் பொதுவாக, வளர்ந்த ஆண் ஒருவரின் கூலியில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரையே கொடுக்கப்பட்டது. வேலை நேரத்தில் அத்தகைய சலுகை இல்லை. பெரியவர்களைப் போலவே அவர்களும் நாளொன்றுக்கு 12 மணி நேரமோ அதற்கு மேலோ நின்று வேலை செய்தனர்.

சில வேலைகளில் குழந்தைகளை அமர்த்தியவர் ஆலை முதலாளி அல்லர். ‘மியூல்’ எனப்பட்ட நூற்பு இயந்திரத்தை இயக்கிய வளர்ந்த தொழிலாளிக்கு, நூற்ற நூலின் அளவுக்கு ஏற்பக் கூலி கிடைத்தது. இழை இணைக்கும் சிறுவர்களை அவரே அமர்த்தி, தம் கூலியிலிருந்தே அவர்களுக்குக் கொடுத்தார். சிறுவனுக்குக் கொடுப்பது குறையக் குறைய அவர் கையில் மிஞ்சுவது கூடியது. பலர் தம் சொந்தப் பிள்ளைகளையே இவ்வேலைக்கு அழைத்து வந்தனர். குழந்தைகள் மலிவாகக் கிடைத்ததால் பெரியவர்களின் கூலி உயரவில்லை. பெரியவர்களின் கூலி போதாததால் மேலும் குழந்தைகள் ஆலைக்கு அனுப்பப்பட்டனர்.

ஏழை விடுதிகளிலிருந்து வந்த குழந்தைகள்

தொடக்ககால ஆலைகள் நீர்வேகம் மிக்க ஆற்றங்கரைகளில் அமைந்தன. ஆர்க்ரைட் 1771இல் தொடங்கிய கிராம்ஃபோர்டு ஆலை இதற்கு எடுத்துக்காட்டு. இத்தகைய ஊர்களில் மக்கள்தொகை குறைவு. மறுபுறம், நகரங்களில் ஆதரவற்ற குழந்தைகளைப் பராமரிக்கும் செலவு உள்ளூர்த் திருச்சபை வட்டாரங்களின் பொறுப்பாக இருந்தது. செலவைக் குறைக்க விரும்பிய வட்டாரங்கள், குழந்தைகளைத் ‘தொழில் பயில்வோர்’ என்னும் பெயரில் ஆலைகளுக்கு ஒப்படைத்தன.

இக்குழந்தைகளுக்குக் கிடைத்தது உணவு, உடை, உறைவிடம் மட்டுமே. ஒப்பந்தம் பல ஆண்டுகளுக்கு, பெரும்பாலும் 21 வயது வரை நீடித்தது. தப்பி ஓடினால் பிடித்து வரப்பட்டுத் தண்டிக்கப்பட்டனர். செஷயரில் சாமுவேல் கிரெக்கின் குவாரி பேங்க் ஆலையில் 1790இல் கட்டப்பட்ட விடுதியில் ஏறத்தாழ 90 குழந்தைகள் தங்கினர். கூலி போதாதென்றால் வேறிடம் செல்வது பெரியவர்களால் இயலும். ஒப்பந்தத்தில் கட்டுண்ட குழந்தைக்கு அந்த வழியும் இல்லை.

கட்டுப்பாடும் கீழ்ப்படிதலும்

வீட்டுத் தறியில் நெய்தவர்கள் தம் விருப்பப்படி வேலை நேரத்தை அமைத்துக்கொண்டவர்கள். மணியோசைக்கு வந்து மணியோசைக்குப் போகும் ஆலை ஒழுங்கை அவர்களில் பலர் ஏற்கவில்லை. ஆலை முறையைப் போற்றி 1835இல் நூல் எழுதிய ஆண்ட்ரூ யூர், பருவ வயதைக் கடந்தவர்களை ஆலை வேலைக்குப் பழக்குவது மிகக் கடினம் என்றே கருதினார். மேலும் பெரியவர்கள் ஒன்றுசேர்ந்து எதிர்க்கக் கூடியவர்கள். தொழிலாளர் கூட்டுச் சேர்வதைத் தடுக்க 1799, 1800 ஆகிய ஆண்டுகளில் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1811 முதல் 1816 வரை லுட்டைட்டுகள் எனப்பட்ட தொழிலாளர்கள் இயந்திரங்களை உடைத்தனர்.

குழந்தைகளிடம் முதலாளிகளுக்கு இந்த அச்சம் இருக்கவில்லை. 1832இல் மைக்கேல் சாட்லர் தலைமையிலான நாடாளுமன்றக் குழுவின் முன் எலிசபெத் பென்ட்லி என்னும் 23 வயதுப் பெண் சாட்சியளித்தார். லீட்சு நகரின் ஓர் ஆளிநார் ஆலையில் ஆறு வயதில் வேலைக்குச் சேர்ந்ததாகவும், வேலை மிகுந்த காலங்களில் காலை 5 மணி முதல் இரவு 9 மணி வரை உழைத்ததாகவும், நண்பகலில் 40 நிமிட ஓய்வு மட்டுமே கிடைத்ததாகவும் அவர் கூறினார். வேகம் குறைந்தால் தோல்வாரால் அடி விழுந்தது. ‘கீழ்ப்படிதல்’ எனப்பட்டது பெரும்பாலும் இவ்வாறு அடித்துப் பெறப்பட்டதே.

உடலமைப்பு குறித்த வாதம்

ஓடும் இயந்திரத்தின் அடியில் ஊர்ந்து சென்று கழிவுப் பஞ்சை எடுக்கவும், உயரம் குறைந்த சுரங்கப் பாதைகளில் நிலக்கரி வண்டியை இழுக்கவும், புகைபோக்கிகளில் ஏறிக் கரியைச் சுரண்டவும் சிறுவர்களே ஏற்றவர்கள் எனப்பட்டது. ஆனால் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் துப்புரவு செய்தால் அதன் அடியில் ஊரச் சிறுவன் தேவையில்லை. நிறுத்தினால் உற்பத்தி குறையும் என்பதாலேயே சிறுவன் தேவைப்பட்டான்.

புகைபோக்கித் தொழில் இதற்குத் தெளிவான சான்று. நீண்ட கம்புகளுடன் இணைத்த தூரிகைக் கருவி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. எனினும் சிறுவர்களை ஏற்றும் வழக்கம் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. இதைத் தடுக்க இயற்றப்பட்ட சட்டங்கள் சரிவரச் செயற்படவில்லை. 1875இல் ஜார்ஜ் புரூஸ்டர் என்னும் சிறுவன் கேம்பிரிட்ஜ் அருகே ஒரு மருத்துவமனையின் புகைபோக்கியில் சிக்கி இறந்த பின்னரே, அவ்வாண்டில் வந்த சட்டம் இவ்வழக்கத்துக்கு முடிவு கட்டியது. கருவி இல்லாததால் சிறுவர்கள் பயன்படுத்தப்படவில்லை. கருவியைவிட மலிவாகக் கிடைத்ததால் பயன்படுத்தப்பட்டனர்.

சட்டங்களும் விளைவுகளும்

- 1802: ஆலைகளில் தொழில் பயிலும் குழந்தைகளின் வேலை நாளொன்றுக்கு 12 மணி நேரமாக வரையறுக்கப்பட்டது. இச்சட்டத்தைக் கொண்டுவந்த சர் ராபர்ட் பீல் தாமே ஓர் ஆலை உரிமையாளர்.
- 1819: பஞ்சாலைகளில் 9 வயதுக்குட்பட்டோரை அமர்த்துவது தடை செய்யப்பட்டது.
- 1833: பெரும்பாலான நெசவு, நூற்பு ஆலைகளில் 9 வயதுக்குட்பட்டோருக்குத் தடை நீட்டிக்கப்பட்டது. 9 முதல் 13 வயதுக்குட்பட்டோருக்கு வாரத்திற்கு 48 மணி நேரம் என்ற வரம்பும், நாள்தோறும் இரண்டு மணி நேரக் கல்வியும் விதிக்கப்பட்டன. நான்கு ஆய்வாளர்கள் நியமிக்கப்பட்டனர்.
- 1842: நிலக்கரிச் சுரங்கங்களின் உள்ளே பெண்களும் 10 வயதுக்குட்பட்ட சிறுவர்களும் வேலை செய்வது தடை செய்யப்பட்டது.

முதல் இரு சட்டங்களைக் கண்காணிக்க முறையான ஆய்வாளர்கள் இல்லாததால் அவை பெரிதும் ஏட்டளவில் நின்றன. ஒவ்வொரு முறையும் தொழிலே அழிந்துவிடும் என முதலாளிகள் பலர் எச்சரித்தனர். ஆனால் தடைகளுக்குப் பின்னும் பிரித்தானியாவின் பருத்தித் துணி ஏற்றுமதியும் நிலக்கரி உற்பத்தியும் வளர்ந்தன. சிறுவர்கள் இன்றி இவ்வேலைகள் நடவா என்ற கூற்று இதனால் பொய்த்தது.

இந்தியாவில்

பம்பாய் முதலிய நகரங்களில் பஞ்சாலைகள் பெருகியபோது இதே நிலை இங்கும் தோன்றியது. 1881ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் 7 வயதுக்குட்பட்டோரை அமர்த்தத் தடை விதித்து, 7 முதல் 12 வயதுக்குட்பட்டோரின் வேலையை நாளொன்றுக்கு 9 மணி நேரமாக்கியது. ‘மென்விரல்’ வாதம் பின்னர் கம்பளம், தீப்பெட்டித் தொழில்களிலும் ஒலித்தது. 1990களில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு இந்தியக் கம்பளத் தொழிலை ஆராய்ந்து, மிக நுண்ணிய முடிச்சுகள் கொண்ட கம்பளங்களையும் பெரியவர்கள் நெய்வதைக் கண்டறிந்தது.

சிவகாசித் தொழிற்சாலைகள் தொடர்பாக எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அபாயகரமான தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றும், அக்குடும்பத்தின் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழி காண வேண்டும் என்றும் அது ஆணையிட்டது. குழந்தையின் உழைப்பு மலிவாக இருக்கும் வரை முதலாளிகள் அதை நாடுவர். பெரியவருக்கு வருமானம் இல்லாத வரை குடும்பம் குழந்தையை அனுப்பும். இவ்விரு காரணங்களையும் ஒருசேரக் களைய முயன்றதே அத்தீர்ப்பின் சிறப்பு.